எண்ணுகிறவர்கள் கூடிய இடம்

2000-ஆம் ஆண்டு மே 21 முதல் 24 வரை அமெரிக்காவின் சின்சினாட்டி நகரில் ஒரு மாநாடு நடந்தது. கல்லூரிகளிலும் பல்கலைக்கழகங்களிலும் ‘நிறுவன ஆய்வு’ அலுவலகங்களில் வேலை செய்பவர்களின் மாநாடு அது. அங்கே வாசிக்கப்பட்ட கட்டுரைகளின் முகப்பில் ‘40-ஆவது ஆண்டு மன்றம்’ என்று குறித்திருக்கிறார்கள். ஆனால் அதைக் கூட்டிய நிறுவன ஆய்வுச் சங்கத்துக்கு அப்போது வயது 35. கணக்கில் பிழை இல்லை. 1961 முதல் நான்கு ஆண்டுகள் சங்கம் என்று ஒன்று இல்லாமலேயே மாநாடு மட்டும் நடந்தது. ஐந்தாவது கூட்டத்தில்தான் சங்கம் உருவாயிற்று.

பெரும்பாலான தொழில்களில் முதலில் ஆட்கள் பெருகுவார்கள், பிறகு சங்கம் வைப்பார்கள், அதன் பிறகே ஆண்டுக்கொருமுறை கூடுவார்கள். இங்கே கூடியதால்தான் தாங்கள் ஒரே தொழில்காரர்கள் என்பதே அவர்களுக்குத் தெரியவந்தது. இந்தத் தொழிலின் வரலாற்றை அதன் மாநாட்டின் வழியாகச் சொல்வதே பொருத்தம்.

அப்படி என்ன தொழில்? ஒரு கல்லூரியில் இந்த ஆண்டு எத்தனை பேர் சேர்ந்தார்கள், அவர்களில் எத்தனை பேர் இரண்டாம் ஆண்டுக்கு வரவில்லை, ஏன் வரவில்லை, ஒரு பாடத்தை நடத்த ஒரு மாணவருக்கு எவ்வளவு செலவாகிறது, ஒரே தகுதியுள்ள ஆண் ஆசிரியருக்கும் பெண் ஆசிரியருக்கும் சம்பளம் ஒன்றுதானா, ஐந்தாண்டு கழித்து விடுதியில் எத்தனை அறை வேண்டியிருக்கும். இப்படிப்பட்ட கேள்விகளுக்குத் தன் கல்லூரியின் பதிவேடுகளிலிருந்தே விடை தேடி, கல்லூரித் தலைவரின் மேசையில் வைப்பவர்தான் நிறுவன ஆய்வு அலுவலர். தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் ‘நாக்’ அமைப்பின் தரமதிப்பீட்டுக்கு முன்பு இரவு பகலாகக் கோப்புகளைத் திரட்டும் உள்தர உறுதிப்பாட்டுப் பிரிவு (ஐ.க்யூ.ஏ.சி.) ஒருங்கிணைப்பாளரின் வேலையில் இதன் ஒரு பகுதி இருக்கிறது. நம் ஊரில் பெரும்பாலும் ஒரு பேராசிரியர் வகுப்பெடுத்துக்கொண்டே இதையும் சுமக்கிறார். அமெரிக்காவில் இது தனி அலுவலகமும் முழுநேர ஊழியமுமாக வளர்ந்தது.

வேர் தேடிப் போனவர்களில் முக்கியமானவர் டபிள்யூ. ஹெச். கௌலி. ஹாமில்டன் கல்லூரியின் தலைவராக இருந்து, பின்னர் ஸ்டான்ஃபோர்டில் பேராசிரியரானவர். 1959 ஜூலையில் ஸ்டான்ஃபோர்டில் நிறுவன ஆய்வு குறித்து ஒரு கோடைக்காலப் பயிலரங்கு நடந்தது. அங்கே அவர் ஆற்றிய உரை, இந்த வேலைக்கு இரண்டரை நூற்றாண்டு வயது என்று வாதிட்டது. 1701-இல் யேல் கல்லூரியை நிறுவியவர்கள், தங்கள் நிறுவனத்தை யார் ஆள வேண்டும் என்று தீர்மானிக்கும் முன் பிற கல்வி நிறுவனங்களின் ஆட்சிமுறையை ஆராய்ந்தார்கள். அதுவே தொடக்கம் என்பது அவர் கட்சி. அப்போது அந்தத் தொழிலில் முழுநேரமாக இருந்தவர்கள் மிகச் சிலர். புதிதாகத் தலையெடுக்கும் ஒரு தொழில் தனக்கொரு முன்னோரைத் தேடிக்கொள்வது இயல்பு. யேல் கதையை அந்த அளவில் எடுத்துக்கொள்வதே நியாயம். நம்பகமான தொடக்கம் அதற்கு இருநூறு ஆண்டுகள் பிந்தியது.

இல்லினாய் பல்கலைக்கழகம் 1918-இல் நிறுவன ஆய்வுக்கென ஒரு பிரிவைத் தொடங்கியது. மினசோட்டா பல்கலைக்கழகம் 1924-இல் கல்வி ஆய்வுக் குழு ஒன்றை அமைத்துத் தன் மாணவர்களையும் பாடங்களையும் தானே ஆராயத் தொடங்கியது. அதே காலத்தில் நாடு முழுவதுக்குமான சேர்க்கை எண்ணிக்கையை ஒரு தனிமனிதர் திரட்டிக்கொண்டிருந்தார். ரேமண்ட் வால்டர்ஸ் என்ற அந்தக் கல்வியாளர் 1919 தொட்டுப் பல பதிற்றாண்டுகள், ஆண்டுதோறும் கல்லூரிகளுக்குக் கடிதம் எழுதி எண்களை வாங்கி, ‘ஸ்கூல் அண்ட் சொசைட்டி’ இதழில் வெளியிட்டுவந்தார்.

1920-களின் தொடக்கத்தில் மிசௌரி மாநிலத்தில் ஸ்டீஃபன்ஸ் என்ற பெண்கள் கல்லூரி, டபிள்யூ. டபிள்யூ. சார்ட்டர்ஸ் என்ற கல்வி ஆய்வாளரை அழைத்து, பெண்களுக்கு என்ன பாடம் வைக்கலாம் என்று கேட்டது. அவர் அறிஞர் குழு எதையும் கூட்டவில்லை. படித்து முடித்த நூற்றுக்கணக்கான பெண்களிடம் நாட்குறிப்பு எழுதச் சொன்னார். அன்றாடம் அவர்கள் எதில் நேரம் செலவிடுகிறார்கள், எதைப் பற்றிக் கவலைப்படுகிறார்கள் என்று அந்தக் குறிப்புகளிலிருந்து ஆயிரக்கணக்கான இனங்களைப் பிரித்தெடுத்து, அவற்றின் மேல் பாடத்திட்டத்தை எழுப்பினார். பெண்கள் அப்போது செய்துகொண்டிருந்த வேலைகளையே அவர்கள் என்றென்றும் செய்வார்கள் என்று எடுத்துக்கொண்ட குறை அந்த முறையில் உண்டு. ஆனாலும், கல்லூரி தன் கேள்விக்கு விடையைத் தன் பட்டதாரிகளின் வாழ்க்கையிலேயே தேடலாம் என்று காட்டியதில் அதற்குத் தனி இடம் இருக்கிறது.

சார்ட்டர்ஸ் பிறகு ஓஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்துக்குப் போனார். 1929-இல் அவர் அங்கே அழைத்துக்கொண்ட இளைஞர் ரால்ஃப் டைலர். பெரிய தொடக்க வகுப்புகளில் மாணவர்கள் தோற்றுப்போவது பல்கலைக்கழகத்தை வாட்டிக்கொண்டிருந்தது. டைலர் உயிரியல் ஆசிரியர்களோடு உட்கார்ந்து, அவர்கள் உண்மையில் எதைக் கற்பிக்க விரும்புகிறார்கள் என்று கேட்டு, அதற்கேற்பத் தேர்வுகளை மாற்றி அமைத்தார். ஓராண்டு கழித்து அதே மாணவர்களைச் சோதித்தபோது, மனப்பாடம் செய்த பெயர்களும் தகவல்களும் பெருமளவு மறந்துபோயிருந்தன. விதிகளைப் புதிய சூழலில் பொருத்திப் பார்க்கும் திறன் மட்டும் குறையாமல் நின்றது. கல்லூரிக்குள் நடந்த ஆய்வு வகுப்பறையை நேரடியாகத் தொட்ட தருணம் அது. பிந்தைய ஆண்டுகளில் படிவங்களும் அறிக்கைகளும் பெருகியபோது இந்தத் தொடர்பு எவ்வளவு மெலிந்தது என்பதை நினைத்தால் வருத்தமாகவே இருக்கிறது.

சிகாகோ பல்கலைக்கழகம் தன்னைப் பற்றித் தானே நடத்திய ஆய்வு 1933-இல் 12 தொகுதிகளாக வந்தது. அந்தப் பணியில் இருந்த ஜான் டேல் ரஸ்ஸல் பின்னாளில் நியூயார்க் பல்கலைக்கழகத்தின் நிறுவன ஆய்வு அலுவலகத்தை நடத்தினார். இப்படி ஆங்காங்கே ஒருவர் இருவர். யாருக்கும் யாரையும் அவ்வளவாகத் தெரியாது.

இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் நிலைமை மாறியது. 1944-இல் வந்த ஜி.ஐ. சட்டம் படைவீரர்களின் கல்விச் செலவை அரசே ஏற்கும் என்றது. 1947-இல் கல்லூரிச் சேர்க்கையில் ஏறத்தாழப் பாதிப் பேர் படையிலிருந்து திரும்பியவர்கள். அந்த அலை தணிவதற்குள் அடுத்த அலை எழுந்தது. 1959-இல் அமெரிக்க உயர்கல்வியில் இருந்தவர்கள் சுமார் 36 லட்சம். பத்தே ஆண்டில், 1969-இல், 80 லட்சம். எத்தனை நாற்காலி, எத்தனை ஆசிரியர், எத்தனை டாலர் என்று முன்கூட்டியே சொல்லத் தெரிந்தவர் இல்லாமல் எந்தப் பல்கலைக்கழகமும் அந்தப் பத்தாண்டைக் கடந்திருக்க முடியாது. பல்கலைக்கழக நிர்வாகத்தில் நிகழ்ந்த மாற்றங்களை ஆராய்ந்து 1966-இல் நூல் எழுதிய ஃபிரான்சிஸ் ரூர்க், கிளென் புரூக்ஸ் இருவரும், 1950-களின் நடுவில் சொற்பமாக இருந்த இத்தகைய அலுவலகங்கள் 1964-க்குள் நூறைத் தாண்டிவிட்டன என்று பதிவு செய்தார்கள்.

அலுவலகம் திறந்தாயிற்று, உட்கார்ந்தவருக்குத்தான் என்ன செய்வதென்று தெரியவில்லை. இதற்கென்று பட்டப்படிப்பு இல்லை, கையேடு இல்லை. ஒருவர் உளவியல் படித்தவர், இன்னொருவர் கணக்கியல், வேறொருவர் பதிவாளர் அலுவலகத்திலிருந்து மாற்றலாகி வந்தவர். சொந்தக் கல்லூரியில் அந்த வேலையைச் செய்யும் ஒரே ஆள் அவர்தான். சந்தேகம் வந்தால் பக்கத்து மேசையில் கேட்க முடியாது.

1961-இல் சிகாகோவில், அழைப்பின் பேரில் வந்த சிலரோடு தேசிய நிறுவன ஆய்வு மன்றம் முதன்முதலாகக் கூடியது. உயர்கல்வி மாநாட்டுக்காக அந்த நகருக்கு எப்படியும் வரவேண்டியிருந்தவர்கள் பலர் என்பதால் இடம் வசதியாக அமைந்தது. அடுத்த ஆண்டும் சிகாகோ. 1963-இல் டெட்ராய்ட், 1964-இல் மினியாபொலிஸ். 1965 மே மாதம் நியூயார்க் மாநிலத்தின் ஸ்டோனி புரூக்கில் ஐந்தாவது மன்றம் கூடியபோது அமைப்பு விதிகள் ஏற்கப்பட்டு, நிறுவன ஆய்வுச் சங்கம் பிறந்தது. ஸ்டோனி புரூக் பல்கலைக்கழகம் அந்த வளாகத்துக்கு வந்தே அப்போது மூன்றாண்டுதான் ஆகியிருந்தது. நாடெங்கும் புதுக் கட்டடங்கள் எழுந்துகொண்டிருந்த காலத்தில், அந்த வளர்ச்சியைக் கணக்கிடப் பிறந்த தொழில் அப்படியொரு புத்தம்புது வளாகத்தில் பெயர் பெற்றது. முதல் தலைவர் மினசோட்டாவின் ஜான் ஸ்டெக்லைன். 1924-இல் ஒரு குழுவாகத் தொடங்கிய வேலை அங்கே தனிப் பிரிவாக வளர்ந்திருந்தது. அதை நடத்தியவர் அவர்.

அந்த முதல் பத்தாண்டின் மன்றங்கள் எடுத்துக்கொண்ட பொருள்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் தொழில் வயதுக்கு வந்த கதை தெரியும். 1963-இல், திட்டமிடலில் இந்த ஆய்வுக்கு என்ன பங்கு என்று கேட்டார்கள். 1964-இல், இதற்கொரு கருத்துச் சட்டகம் உண்டா என்றார்கள். 1965-இல் முறையியல். 1966-இல் பாஸ்டனில், கல்லூரிக்குள் வரும் மாணவர்களைப் பற்றிய ஆய்வு. 1968-இல் சான் ஃபிரான்சிஸ்கோவில், கல்வியின் விளைவு. 1971-இல் டென்வரில், கொள்கை வகுப்பதில் இதன் இடம். ‘நாம் யார்’ என்ற கேள்வியிலிருந்து ‘நம் பேச்சை யார் கேட்கிறார்கள்’ என்ற கேள்விக்கு எட்டாண்டில் வந்துசேர்ந்தார்கள்.

நடுவில் ஒரு வழக்கு ஓடிக்கொண்டே இருந்தது, இன்றும் அது முடியவில்லை. இது அறிவியலா, அலுவலக ஊழியமா? 1966-இல் ஹென்றி டயர், இந்த ஆய்விலிருந்து நிறுவனங்களைப் பற்றிய ஓர் அறிவியல் உருவாக முடியுமா என்று ஒரு கட்டுரையின் தலைப்பிலேயே கேட்டார். மிசௌரியின் ஜோ சாப் பின்னாளில் எழுதிய சிறு நூலில், திட்டமிடவும் கொள்கை வகுக்கவும் முடிவெடுக்கவும் தகவல் தருவதே இதன் பணி என்று வரையறுத்தார். தன் கல்லூரிக்குப் பயன்பட்டால் போதும், உலகப் பொதுவான உண்மை வேண்டியதில்லை என்ற அந்த அடக்கமான வரையறையே நிலைத்தது. ஆனால் அறிவியல் ஆசையும் போய்விடவில்லை. 1973-இல் ‘ரிசர்ச் இன் ஹையர் எஜுகேஷன்’ ஆய்விதழ் தொடங்கியது. வின்சென்ட் டின்டோ 1975-இல் மாணவர் இடைநிற்றலுக்கு ஒரு கோட்பாடு எழுதினார்: வகுப்பறையிலும் தோழமையிலும் வேர்பிடிக்காதவர் விலகிப்போகிறார் என்பது அதன் சாரம். சிராக்யூஸ் பல்கலைக்கழகத்தின் முதலாண்டு மாணவர்களிடம் பேட்ரிக் டெரென்சினியும் எர்னஸ்ட் பாஸ்கரெல்லாவும் அதைச் சோதித்து, 1977-இல் அந்த ஆய்விதழில் எழுதினார்கள். ஒரு கல்லூரியின் உள்வீட்டுக் கணக்கு உலகம் மேற்கோள் காட்டும் ஆய்வாக மாறியது.

1970-கள் இந்தத் தொழிலுக்குக் கடினமான கேள்விகளைக் கொண்டுவந்தன. வளர்ச்சி மெலிந்தது, பணம் இறுகியது. 1972-இல் கல்வியில் பாலினப் பாகுபாட்டைத் தடைசெய்யும் சட்டம் வந்தது. பெண் ஆசிரியர்களுக்குக் குறைவான சம்பளம் தருகிறீர்களா என்ற கேள்விக்கு வாய்ப்பேச்சு விடையாகாது. 1977-இல் பெர்க்லியின் புள்ளியியல் பேராசிரியர் எலிசபெத் ஸ்காட் கல்லூரிகளுக்கென ஒரு சம்பள மதிப்பீட்டுக் கையேடு தயாரித்தார். பட்டம், அனுபவம், துறை போன்றவற்றைக் கொண்டு வெள்ளையின ஆண் ஆசிரியர்களின் சம்பளத்துக்கு ஒரு சமன்பாடு அமைத்து, அதே சமன்பாட்டை மற்றவர்களுக்குப் பொருத்தி, கிடைக்கவேண்டியதற்கும் கிடைப்பதற்கும் உள்ள இடைவெளியைப் பார் என்றது அது. மாநாட்டுக் கூடங்களில் சம்பளச் சமநிலை ஆய்வு நிரந்தரமான பொருளாயிற்று. எந்த மாறியைச் சேர்ப்பது, எதை விடுவது என்பதில் நியாயமே அடங்கியிருக்கிறது. பதவிநிலையைச் சமன்பாட்டில் சேர்த்தால் இடைவெளி சுருங்கும். ஆனால் பதவி உயர்விலேயே பாகுபாடு இருந்தால்?

எண்கள் எப்படி ஏமாற்றும் என்பதற்குப் பெர்க்லியே பாடமானது. 1973 இலையுதிர்காலத்தில் அங்கே முதுநிலைப் படிப்புக்கு விண்ணப்பித்த ஆண்கள் 8,442 பேரில் 44 விழுக்காட்டினருக்கு இடம் கிடைத்தது. பெண்கள் 4,321 பேரில் 35 விழுக்காட்டினருக்கு. பார்த்த மாத்திரத்தில் பாகுபாடு. பீட்டர் பிக்கல், யூஜின் ஹாமெல், வில்லியம் ஓ’கானல் மூவரும் துறைவாரியாகப் பிரித்துப் பார்த்தார்கள். 85 துறைகளில் பெண்களுக்கு எதிரான சாய்வு தெளிவாகத் தெரிந்தவை நான்கே. ஆண்களுக்கு எதிராகச் சாய்ந்தவை ஆறு. பெண்கள் அதிகம் விண்ணப்பித்தது இடம் கிடைப்பது அரிதான துறைகளுக்கு. மொத்தக் கணக்கில் அது பாகுபாடாகத் தோற்றம் தந்தது. 1975-இல் ‘சயின்ஸ்’ இதழில் வந்த அந்தக் கட்டுரை, பெண்கள் ஏன் அந்தத் துறைகளை நோக்கியே நகர்கிறார்கள் என்ற கேள்வியையும் மறைக்கவில்லை. பள்ளிக்காலத்திலிருந்தே கணிதத்திலிருந்து விலக்கப்படும் போக்கை அது சுட்டியது. கூட்டுத்தொகையை மட்டும் கொண்டுபோய்த் தலைவரிடம் நீட்டுவது எவ்வளவு ஆபத்து என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று இந்தத் தொழிலுக்கு வாய்க்கவில்லை.

மாநாட்டில் என்னதான் செய்வார்கள்? முதல் நாளுக்கு முன்பே பயிலரங்குகள் நடக்கும். பிறகு பொது உரை. ஒரே நேரத்தில் பல அறைகளில் கட்டுரை வாசிப்பு. ஒத்த ஆர்வமுள்ளவர்களின் சிறு குழுக்கள். புதிதாக வந்தவர்களுக்கென ஓர் அமர்வு. இவ்வளவும் எந்தத் தொழில் மாநாட்டிலும் உண்டு. இங்கே வேறு ஒன்றும் நடக்கிறது. ஒரே மாணவருக்காகவும் ஒரே மானியத்துக்காகவும் போட்டியிடும் கல்லூரிகளிலிருந்து வந்தவர்கள், தங்கள் கல்லூரியின் எண்ணை எப்படிக் கணக்கிட்டோம் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்கிறார்கள். அதன் விரிவாகவே தகவல் பரிமாற்றக் கூட்டமைப்புகளும் வளர்ந்தன. பெரிய ஆய்வுப் பல்கலைக்கழகங்கள் 1973-இல் தங்களுக்குள் ஒரு பரிமாற்ற ஏற்பாட்டைத் தொடங்கின. 1992-இல் டெலவேர் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் மிடாவ் தொடங்கிய ஆய்வு, ஒவ்வொரு துறையிலும் ஒரு பாடத்தை நடத்த என்ன செலவு, யார் நடத்துகிறார் என்பதை நூற்றுக்கணக்கான கல்லூரிகளிடையே ஒப்பிட வழிசெய்தது. வேதியியல் துறைக்கு ஏன் இவ்வளவு செலவு என்று கேட்கும் நிர்வாகியிடம், மற்ற கல்லூரிகளின் வேதியியல் துறைக்கும் அவ்வளவுதான் ஆகிறது, வரலாற்றுத் துறையோடு ஒப்பிடாதீர்கள் என்று சொல்ல இயன்றது.

மாநாட்டின் உண்மையான பயன் அந்தப் பலத்தில்தான் இருக்கிறது. தலைவர் விரும்பாத எண்ணைத் தலைவரின் முகத்துக்கு நேரே சொல்ல வேண்டிய ஊழியருக்கு, தான் கணக்கிட்ட முறை தன் சொந்தக் கண்டுபிடிப்பு அல்ல, நாடு முழுவதும் அப்படித்தான் கணக்கிடுகிறார்கள் என்ற ஆதரவு வேண்டும். அதைத் தனி ஓர் அலுவலகம் தர முடியாது.

மாணவர் என்பவர் யார் என்பதிலிருந்தே கருத்து வேறுபாடு தொடங்குகிறது. வாரத்துக்கு ஒரு மாலை வகுப்புக்கு வரும் செவிலியரும் மாணவர்தான். விடுதியில் தங்கி ஐந்து பாடம் படிக்கும் பதினெட்டு வயதுக்காரரும் மாணவர்தான். இருவரையும் தலைக்கு ஒன்று என்று எண்ணினால் ஒரு தொகை. பகுதிநேர மாணவர் மூவரை ஒரு முழுநேர மாணவராக மாற்றிக் கணக்கிட்டால் வேறு தொகை. எந்தத் தேதியில் எண்ணுவது? வகுப்பு தொடங்கிய நாளிலா, மூன்றாம் வாரத்தில் சிலர் விலகிய பிறகா? கல்லூரிகள் தனித்தனி வழக்கம் வைத்திருந்தவரை எந்த எண்ணையும் எதனோடும் ஒப்பிட முடியவில்லை. 1966-இல் அமெரிக்க மத்திய அரசு ஹெகிஸ் என்ற பொதுத் தகவல் திரட்டைத் தொடங்கியபோதும், 1986-இல் அதை ஐபெட்ஸ் என்று விரித்தபோதும், அந்தப் படிவங்களின் ஒவ்வொரு கட்டத்துக்கும் பொருள் பேசித் தீர்த்ததில் மாநாட்டு அறைகளுக்குப் பங்குண்டு.

வரையறைகள் சிலரைக் காணாமலே ஆக்கிவிடும். 1990-இல் வந்த மாணவர் அறியும் உரிமைச் சட்டத்தின்படி கல்லூரிகள் பட்டம் பெறுவோர் விகிதத்தை வெளியிட வேண்டும். முதல் முறையாக, முழுநேரமாகச் சேர்ந்தவர்களில், நான்காண்டுப் படிப்பை ஆறாண்டுக்குள் அதே கல்லூரியில் முடித்தவர்கள் எத்தனை பேர் என்பதே கணக்கு. பராக் ஒபாமா 1979-இல் லாஸ் ஏஞ்சல்ஸில் உள்ள ஆக்ஸிடென்டல் கல்லூரியில் சேர்ந்து, 1981-இல் கொலம்பியாவுக்கு மாறி, 1983-இல் பட்டம் பெற்றார். இந்தச் சூத்திரத்தை அவர்மேல் பொருத்திப் பாருங்கள். ஆக்ஸிடென்டலின் கணக்கில் அவர் முடிக்காதவர். கொலம்பியாவின் கணக்கில் அவர் இல்லவே இல்லை. இரண்டாண்டுச் சமுதாயக் கல்லூரிகளிலிருந்து மாறிப் போகும் ஏழை மாணவர்கள் லட்சக்கணக்கானோர் இப்படித்தான் கண்ணில் படாமல் போனார்கள். பகுதிநேர மாணவர்களையும் மாறி வந்தவர்களையும் கணக்கில் கொள்ளும் தனிப் படிவம் 2015-16-இல்தான் சேர்ந்தது. கால் நூற்றாண்டு தாமதம் அது. அந்தத் தாமதத்தில் எத்தனை கல்லூரிகள் தோற்ற கல்லூரிகளாகப் பெயர் வாங்கின என்பதை யோசிக்க வேண்டும்.

மாநாடு எல்லை தாண்டியும் போயிற்று. 1973-இல் கனடாவின் வான்கூவரில் கூடினார்கள், 1977-இல் மாண்ட்ரியால். 1979-இல் பாரிஸில் ஐரோப்பியர்களுக்கென முதல் மன்றம் நடந்தது. பத்தாண்டில் அவர்கள் தனிச் சங்கமானார்கள். ஆஸ்திரேலியா, தென்னாப்பிரிக்கா, தென்கிழக்கு ஆசியா என்று கிளைகள் விட்டன. இந்தியாவில் பெங்களூரில் 1994-இல் நாக் அமைந்தது, 2015-இல் மத்திய அரசின் என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசைத் திட்டம் அறிவிக்கப்பட்டது. படிவங்கள் வந்து குவிந்தன. அவற்றை நிரப்புவோருக்கென்று ஒரு தொழில், அதற்கொரு வழக்கமான கூடல், அதில் உருவாகும் கூட்டு மனசாட்சி என்பவை இன்னும் அந்த வேகத்தில் வரவில்லை. நம் கல்லூரிகளில் அந்த நாற்காலியில் இருப்பவர் பெரும்பாலும் தனியாகவே இருக்கிறார்.

மனசாட்சி என்பது இங்கே மிகைச் சொல் அல்ல. அமெரிக்காவில் 1983-இல் ‘யு.எஸ். நியூஸ்’ வார இதழ் கல்லூரித் தரவரிசையை வெளியிடத் தொடங்கியதும், எண்களுக்கு விலை வந்துவிட்டது. ஒரு படி ஏறினால் விண்ணப்பம் பெருகும், நன்கொடை பெருகும். எண்ணைச் சற்றே வளைக்கச் சொல்லும் அழுத்தமும் பெருகும். 1992-இல் நிறுவன ஆய்வுச் சங்கம் ஒரு நெறிமுறைக் கோவையை ஏற்றது. தகவலைத் திரிக்காதே, முறையை மறைக்காதே, தனிமனித விவரத்தைக் காப்பாற்று என்பவை அதன் அடிப்படை. 2019-இல் அதைப் புதுக்கி எழுதினார்கள்.

அது ஏன் தேவை என்பதை 2022 காட்டியது. கொலம்பியா பல்கலைக்கழகம் அப்போது தேசியத் தரவரிசையில் 2-ஆம் இடத்தில் இருந்தது. அதே பல்கலைக்கழகத்தின் கணிதப் பேராசிரியர் மைக்கேல் தாடியஸ், பிப்ரவரியில் ஒரு நீண்ட கட்டுரை வெளியிட்டார். 20-க்கும் குறைவான மாணவர் உள்ள வகுப்புகள் 80 விழுக்காட்டுக்கும் மேல் என்று பல்கலைக்கழகம் சொல்வது, அதன் சொந்த வகுப்புப் பட்டியலோடு பொருந்தவில்லை என்று எண்ணிக் காட்டினார். பல்கலைக்கழகம் மறுஆய்வு செய்தது. அந்த ஆண்டு தரவரிசைக்குத் தகவல் தருவதை நிறுத்தியது. செப்டம்பரில் சரியான எண் சுமார் 57 விழுக்காடு என்று வெளியிட்டது. தரவரிசையில் 18-ஆம் இடத்துக்கு இறங்கியது. பொதுவில் கிடைத்த பட்டியலை எடுத்து ஒருவர் பொறுமையாக எண்ணியதால் வெளிவந்த உண்மை இது. அந்தப் பொறுமைதான் இந்தத் தொழிலின் முதல் தகுதி. அதைச் செய்தவர் வெளித்துறைப் பேராசிரியராக இருந்தது தொழில்காரர்களை உறுத்தியிருக்க வேண்டும்.

2020-இல் நியூ ஆர்லியன்ஸில் நடக்கவிருந்த மன்றம் பெருந்தொற்றால் நேரில் நடக்கவில்லை, இணையத்துக்கு மாறியது. 2021-உம் அப்படியே. 2022-இல் ஃபீனிக்ஸ் நகரில் மறுபடி நேரில் கூடினார்கள். திரைவழியாகக் கட்டுரையைக் கேட்கலாம். ‘எங்கள் ஊரில் இந்த எண்ணை மாற்றச் சொல்கிறார்கள், நீங்கள் என்ன செய்வீர்கள்’ என்று அறிமுகமில்லாத ஒருவரிடம் அதன்வழி கேட்பது கடினம்.

2025 இந்தத் தொழிலின் அடித்தளத்தையே அசைத்தது. ஐபெட்ஸை நடத்தும் தேசியக் கல்விப் புள்ளிவிவர மையத்தில் நூறு பேர் அளவில் இருந்த ஊழியர்கள், மார்ச் மாத ஆட்குறைப்பில் விரல்விட்டு எண்ணும் அளவுக்குச் சுருங்கினார்கள். கல்லூரி ஊழியர்களுக்கு அந்தப் படிவங்களை நிரப்பப் பயிற்சி தருவதற்காகச் சங்கத்தோடு அரசு வைத்திருந்த ஒப்பந்தமும் அந்தக் காலத்திலேயே ரத்தானது. ஆகஸ்டில் அதே அரசு புதிய கணக்கு ஒன்றைக் கேட்டது. தேர்ந்தெடுத்துச் சேர்க்கும் கல்லூரிகள், விண்ணப்பித்தவர், இடம் பெற்றவர், சேர்ந்தவர் ஆகிய மூன்று நிலையிலும் இனவாரியாகவும் பாலினவாரியாகவும், தேர்வு மதிப்பெண்ணும் குடும்ப வருமானமும் சேர்த்துத் தர வேண்டும் என்றது. நடப்பு ஆண்டுக்கு மட்டுமல்ல, முந்தைய பல ஆண்டுகளுக்கும். சேராமல் போன விண்ணப்பதாரரின் வருமானம் பல கல்லூரிகளின் பதிவேட்டில் இருந்ததே இல்லை. இடம் மறுக்கப்பட்டவர்களின் பழைய கோப்புகளை எல்லாரும் பாதுகாத்து வைத்திருப்பதும் இல்லை. பெரிய பல்கலைக்கழகத்தில் பத்துப் பேர் பகிர்ந்துகொள்ளும் அந்த வேலையைச் சிறிய கல்லூரியில் ஒருவர் செய்ய வேண்டியிருந்தது. படிவத்தின் கட்டங்களுக்குப் பொருள் கேட்க அவர் கூப்பிட்டுப் பழகிய அரசு அலுவலகத்தில் மிகச் சிலரே மிஞ்சியிருந்தார்கள். அவருக்கு மிச்சம் இருப்பவர்கள் மற்ற கல்லூரிகளில் இதே நாற்காலியில் இருப்பவர்கள்தான்.